எலியின் வயிற்றில் வெளிச்சம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை அக்காவிடமிருந்து சுட்டது. புற்றுநோய் உடம்பில் பரவாமல் தடுக்கும் மருந்து ஒன்றை ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் சோதிக்கிறாள். சிவப்பாக ஒளிரும்படி மாற்றிய புற்றுச் செல்களை எலிக்குள் செலுத்தியிருக்கிறார்கள். மயக்கமருந்து கொடுத்த எலியை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தால், நோய் போன இடமெல்லாம் திரையில் மின்னும்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "இருளில் ஒரு நம்பிக்கை ஒளி…"

அந்த வரியை அக்கா அடித்துவிட்டாள். "லூசு, வெளிச்சம் தெரிஞ்சா எங்களுக்குக் கெட்ட செய்திடா. இருட்டுதான் வேணும்."

2

போன வாரம் வெளிச்சம் தெரிந்தது. மருந்து கொடுத்த எலிகளின் வயிறுகூட ஜொலித்தது. இத்தனை வருட உழைப்பும் போச்சு என்று வீட்டுக்கு வந்து சோபாவில் சுருண்டாள்.

(அவள் விம்மி விம்மி அழுவதாக உருக்கமாக ஒரு பத்தி எழுதினேன். நிஜத்தில் அவள் அழவில்லை. ஆகவே அந்தப் பத்தியை

வெட்டியாயிற்று.)

"உன் கதையைக் குடு. அதையாவது உருப்படியாத் திருத்துறேன்" என்றாள்.

3

என் கதையில் எலிகள் பழுப்பு உருண்டைகளைக் கொறித்துக்கொண்டிருந்தன.

"தப்பு. தீவனம் பச்சை."

"நீதானே அன்னைக்குப் பழுப்புன்னு சொன்னே?"

"அது பழைய மூட்டைடா. புது மூட்டையில இலைப்பொடி கலந்து…"

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல, அவள். எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இலையில இருக்கிற பச்சையமும் அந்தப் பெட்டிக்குள்ள நாங்க பாய்ச்சுற ஒளி பட்டா சிவப்பாத்தான்டா ஒளிரும்!"

4

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். எலியே இல்லாமல் ஒரு தீவன உருண்டையை மட்டும் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தாள். உருண்டை தகதகவென்று மின்னியது. படத்தை என் ஃபோனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"பாருடா, தீவனத்துக்குப் புற்றுநோய்!"

அப்போதுதான் அழுதாள், சிரித்துச் சிரித்து.

(கண்டுபிடித்தது என் கதைதான் என்று ஒரு வரி சேர்த்தேன். "எப்படியும் நானே கண்டுபிடிச்சிருப்பேன்" என்று அதையும் அடித்தாள். அவளுக்குத் தெரியாமல் மறுபடி சேர்த்திருக்கிறேன்.)

5

தீவனத்தை மாற்றினார்கள். இன்று மறுபடி படம். மருந்து கொடுக்காத எலிகளில், பாவம், நோய் பரவிய இடங்கள் மின்னின. மருந்து கொடுத்தவற்றில்?

"இருட்டுடா! கும்மிருட்டு!"

அவள் கத்திய கத்தலில் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். பிறகு நாற்காலியைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டேன். கதையை முடிக்க உட்கார்ந்தேன்.

"சுபம்னு கிபம்னு போட்டுத் தொலைக்காதே. இது ஒரு படம்தான். இன்னும் எத்தனையோ படம் எடுக்கணும்."

போடவில்லை. கீழே உள்ள இடம் உங்களுடையது. தயவுசெய்து அதில் எதையும் எழுதிவிடாதீர்கள். இந்தக் கதையைப் பொறுத்தவரை, ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் நல்ல செய்தி.