மேசைக்கு ஒரு பிப்பெட்

ஐம்பத்தேழில் ஃப்ளூ ஜுரம் சேலத்தையே படுக்கப் போட்டுவிட்டுப் போனது. கல்லூரி மறுபடி திறந்தபோது அரைப் பரீட்சைக்கு நேரமில்லை. ரசாயனப் பேராசிரியர் உபகாரசாமி ஒரே போடாகப் போட்டார்.

"நாளைக்கு லேபில் டெஸ்ட். முதலாவது வருகிறவன் பெயர் மெட்ராஸ் ஆனர்ஸ் படிப்புக்குப் போகும். ஒரே ஒருத்தன்!"

அந்த ஒருத்தன் தான்தான் என்றிருந்தான் ராயப்பன். அருணகிரி குறுக்கே வராவிட்டால்!

சேந்தமங்கலத்து அருணகிரி ஜுரத்தில் செத்துப் பிழைத்தவன். ஹாஸ்டல் திறக்காததால் ராயப்பன் வீட்டில்தான் ஜாகை. விட்டுப்போன பாடத்தையெல்லாம் வந்த வேகத்தில் எட்டிப் பிடித்துவிட்டான்.

அது போதாதென்று ராயப்பனின் அம்மா ஆரோக்கியம் வேறு. "சாப்பிடு சாமி, உடம்பு தேறணும்" என்று அருணகிரி தட்டில்தான் முட்டை வைத்தாள். கொள்ளை நோய் தீர்க்கும் செபஸ்தியார் கோயிலில் மிளகும் உப்பும் நேர்ச்சை போட்டதும் அவனுக்காகத்தான். பெற்ற பிள்ளையின் டெஸ்டுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை! ராயப்பனுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் லேப் வாசலில் ஒரு புரளியைப் பற்றவைத்தான்.

"டேய், அருணகிரிக்கு ராத்திரி பூரா காய்ச்சல். அவன் வாய் வைத்த பிப்பெட்டில் வாய் வைக்காதீங்க!"

திராவகத்தை வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாய். மேசைக்கு ஒன்றுதான். அவர்கள் இருவரோடும் ஒரே மேசையில் நிற்கும் சரவணமுத்து பின்வாங்கினான். "உசிரு முக்கியமா, டெஸ்ட் முக்கியமா? எனக்கு வேண்டாம்ப்பா!"

சத்தம் கேட்டு உபகாரசாமி புயலாக வந்தார். "ராயப்பா, உன் வீட்டில் காய்ச்சலா? காலேஜ் உத்தரவு தெரியுமில்லையா? ஜுரம் கண்ட வீட்டிலிருந்து யாரும் ஒரு வாரம் உள்ளே வரக் கூடாது. ரெண்டு பேரும் வெளியே!"

ராயப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜுர வீடு என்றால் அது தன் வீடுதானே! இல்லை என்றால் பொய்யன். ஆமாம் என்றால் மெட்ராஸ் போச்சு.

"காய்ச்சல் இல்லீங்க சார்" என்றான் அருணகிரி. "ராத்திரி இருமினேன், பாவம், ராயப்பன் பயந்துட்டானுங்க. வேணுமின்னா தொட்டுப் பாருங்க."

நெற்றி சில்லென்றிருந்தது. பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். "தங்கமான பையன்!"

அருணகிரி பிப்பெட்டைக் கழுவி நீட்டினான். "நீ மொதல்ல பண்ணுடா ராயா. நான் பொறவு பண்ணிக்கறேன்."

அந்தத் தயவுதான் சுட்டது. ராயப்பன் பியூரெட்டின் திருகை வெடுக்கென்று திருப்பினான். ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் சரசரவென்று கொட்டியது, அளவு தப்பிக் குடுவை கருஞ்சிவப்பாயிற்று. பிறகு அருணகிரியின் குடுவையில், அளவு சரி என்று காட்டும் ரோஜா நிறம் லேசாகப் பூத்து, அப்படியே நின்றது.

உபகாரசாமி எட்டிப் பார்த்தார். "அருணகிரி, மெட்ராஸுக்குப் பெட்டி கட்டு!"

வெளியே வந்ததும் அருணகிரி தோளில் கை போட்டான். "ஊட்டுக்குப் போலாமாடா? அம்மா பாத்துட்டு இருப்பாங்க."

ராயப்பன் கையைத் தட்டிவிட்டான்.

"யாரோட அம்மாடா?"