விளக்கு அணைந்துதான் இருந்தது

எனக்குக் கரண்டு என்றாலே பயம். இஸ்திரிப் பெட்டியைக்கூட ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் தொடுவேன். அது தெரிந்தும் என் வீட்டுக்காரர் பின்னறையில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார், இரும்புச் சட்டம், மேலே பலகை, நடுவில் வட்ட ரம்பம். மகளுக்குப் படிக்கிற மேஜை செய்யப்போகிறாராம். கடையில் மேஜையே விற்பதில்லையா என்று கேட்டால், "ரசனை கெட்ட ஜென்மம்" என்று எனக்குப் பட்டம் கொடுப்பார்.

"வயரிங்குக்கு என் தம்பியக் கூப்பிடுங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், அவனுக்குத் தெரியும்."

"அவன் வந்தா வேலையவிட உபதேசம்தான் அதிகமா இருக்கும். ரெண்டு வயர மாட்டறது பெரிய வித்தையா?"

என் பயத்துக்காக, மெஷினின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று பொருத்தினார். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிகிற விளக்குகளை நம்பியே காலம் தள்ளியவர்.

"இங்க பாரு. இது எரிஞ்சா கரண்டு இருக்கு, அணைஞ்சா இல்ல. அணைஞ்சப்புறம் நீ இதுமேல படுத்தே தூங்கலாம்."

நம்பினேன். தினமும் காலையில் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டாரையும் சட்டத்தையும் மரத்தூள் போகத் துடைப்பேன். சிராய் குத்துமே என்று காலில் செருப்பு.

இதற்கு நடுவில் அவருடைய நாடகம் வேறு. நான் உள்ளே நுழைந்தால் போதும், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, பிடிச்சிருச்சு! அம்மா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தி, உடம்பை உதறுவார். எனக்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார். பாவி மனுஷன்! ஒருமுறை துடைப்பத்தாலேயே முதுகில் ரெண்டு போட்டேன். அதற்கும் சிரிப்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு ஈரக் காலோடு பின்னறைக்குப் போனார். மோட்டாரின் பெல்ட் தளர்ந்திருக்கிறதாம், இழுத்துக் கட்டவேண்டுமாம். நான் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

குந்தியிருந்தார். வலது கை பலகைக்கு அடியில் இருந்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. விளக்கைப் பார்த்தேன், அணைந்திருந்தது.

"ஆரம்பிச்சாச்சா? துடைப்பம் எடுக்கட்டுமா?"

பல் கிட்டியிருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. எப்போதும் கத்துகிற மனுஷன் ஏன் கத்தவில்லை?

துணியைப் போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். "மாட்டிக்கிட்டவங்களத் தொடாதக்கா, முதல்ல கரண்ட நிறுத்து" என்று தம்பி என்றோ சொன்னது எங்கிருந்தோ வந்து கையைத் தடுத்தது. மெஷினின் பிளக் எப்போதும் செருகியே இருக்கும் நடைவழிக்கு ஓடினேன். சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, பிளக்கையும் பிடுங்கி எறிந்தேன். பின்னால் தொப்பென்று சத்தம்.

மல்லாந்து கிடந்தார். உள்ளங்கை கருகியிருந்தது.

"என்னங்க! போதும் நடிச்சது, எந்திரிங்க. நான் பயந்துட்டேன், நீங்க ஜெயிச்சிட்டீங்க. சிரிங்களேன்!"

சிரிக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரோ வண்டி எடுத்தார்கள். வழியில்தான் பெரிதாக ஒரு மூச்சு இழுத்துக் கண்ணைத் திறந்தார். என் தாலி தப்பியது என்று வாய்விட்டு அழுதேன்.

கையில் கட்டோடு வீடு திரும்பிய அன்றே தம்பி வந்தான். அவரை வாசலோரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பிளக்கைச் செருகிச் சுவர் ஸ்விட்சைப் போட்டான். மெஷினின் ஸ்விட்சைப் போடவே இல்லை. விளக்கும் எரியவில்லை. டெஸ்டரை இரும்புச் சட்டத்தில் வைத்தான். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"மாமா, ஸ்விட்ச நியூட்ரல் வயர்ல போட்டுட்டீங்க. அணைச்சா மோட்டார் நிக்கும், விளக்கும் அணையும். ஆனா உள்ள வந்த கரண்டு அப்படியேதான் நிக்கும். ஜாயிண்ட்ல சுத்துன டேப்பு கழண்டு சட்டத்துல தொட்டுக்கிட்டு இருக்கு. எர்த் வயரும் குடுக்கல. எத்தனை நாளா இப்படி இருக்கோ!"

"விளக்கு அணைஞ்சுதானேடா இருந்துச்சு" என்றார் அவர், குழந்தைபோல.

தம்பி பிளக்கைப் பிடுங்கினான். "வேற யாராவது இதத் தொட்டீங்களா?"

"நான்தான்டா. தினமும் காலையில துடைப்பேனே."

"காஞ்ச துணியாலயா?"

"ஈரத்துணியால."

தம்பி என் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். குனிந்து அதன் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தான்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். என் காலையேதான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை உடம்பு நடுங்கியது. நாற்காலி தரையில் தடதடத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

இந்த முறை தொடலாம். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.