ரமேஷ்குமாரை அடிக்கும் விளையாட்டு

ரமேஷ்குமாரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிவதற்குள் இவள் மனம் மாறிவிடுவாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அவன் திருச்செங்கோட்டுக்காரன். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். நான் குமாரபாளையம். பெயர் ஜெயப்பிரியா. அந்தக் கம்பெனியின் முதல் விளையாட்டுக்குக் கதையும் வசனமும் எழுதியவள் நான்தான். ஜப்பான் பாணி ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவது என்பார்களே, அந்த வகை. பெரிய கண்ணும் முள்முள்ளாக நிற்கும் தலைமுடியும் ஆளுயர வாளும் இருந்துவிட்டால் அது ஜப்பான் பாணி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ரமேஷ்குமாரும் அந்த ரகம்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நான் சொல்கிறேன் கேளுங்கள். மேற்கத்திய விளையாட்டு உங்களிடம், நீ யாராக இருக்கப் போகிறாய் என்று கேட்கும். முகம், பெயர், தொழில் எல்லாம் உங்கள் இஷ்டம். ஜப்பான் பாணி பெரும்பாலும் அப்படிக் கேட்காது. இதோ இவன், இவனுக்கு ஒரு ஊர் இருக்கிறது, ஒரு அம்மா இருக்கிறாள், நீ இவன்கூடப் போய்வா என்று சொல்லும். துணைக்கு நாலு பேர் சேர்வார்கள். சண்டை வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். நம் முறை வந்தால் அடிக்கலாம். எதிரியின் முறை வந்தால் அசையாமல் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். பலம் கூட வேண்டுமென்றால் ஊர் எல்லையிலேயே சுற்றிச் சுற்றிச் சில்லறைப் பூதங்களை அலுக்காமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கதை முன்பே எழுதி வைத்தது. அதை உங்களால் மாற்ற முடியாது, கூடவே நடக்கத்தான் முடியும். அதனால்தான் கூட வந்தவன் செத்தால் அழுகை வருகிறது.

எங்கள் விளையாட்டில் அந்தக் கூட்டம் ஒரு போர்வெல் வண்டிக் கூட்டம். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி கிளம்பினால் ராஜஸ்தான் வரைக்கும் போய், மாசக்கணக்கில் துளை போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பும். இதைவிட நல்ல கூட்டம் எந்த நாட்டுக்காரனுக்குக் கிடைக்கும்? பூமிக்கடியில் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுப் பூதங்கள் படுத்திருக்கின்றன. துளை போடப் போட ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. துளை போடுகிற பொன்னன்தான் நாயகன். வண்டி ஓட்டுகிற மருதாசலம் அவனுடைய தாய்மாமன். மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்கத் தெரிந்த அறிவுச்செல்வி அவன் தங்கை.

கம்பெனி அப்போது ரமேஷ்குமார் வீட்டு மாடியில் இருந்தது. அவன் அம்மா ராமாயி எங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்து மேலே கொடுத்தனுப்புவார். எழுதியதை நான் முதலில் படித்துக் காட்டுவது அவரிடம்தான். மருதாசலம் சாகும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன மட்டும் கொல்லாத அம்மிணி," என்றார். பிறகு கம்பெனி சேலத்தில் கண்ணாடி வைத்த கட்டடத்துக்குப் போயிற்று. ராமாயியின் சாப்பாடும் நின்றுபோயிற்று.

கடைசி வசனத்தை நான் ஒப்படைத்த வாரத்தில் ரமேஷ்குமார் கூப்பிட்டான்.

"கதை முடிஞ்சுதில்ல அம்மிணி. இனி கோடிங் வேலைதான். நீ வேற எடம் பாத்துக்க."

"சரிங்ண்ணா. என்ற பேரு எங்க வருதுங்க? ஆரம்பத்துலயா, கடைசியிலயா?"

அவன் சிரித்தான். "கதைக்கெல்லாம் எதுக்குப் பேரு? யாரு படிக்கப் போறா? நானே படிக்கல. பட்டன அமுக்கித் தள்ளிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

மூன்று வருஷம் எழுதியவளிடம் சொல்கிறான், நானே படிக்கல என்று. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அது அவனுடைய முறை. நின்று வாங்கிக்கொண்டேன்.

நான் போன பிறகு பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தன் முகம், தன் பெயர் இருந்தால்தான் பிடிக்கும் என்று அவர் சொன்னாராம். இவன் பொன்னனைத் தூக்கி எறிந்துவிட்டான். நாயகனை ஆடுகிறவர்களே செய்துகொள்ளலாம் என்று மாற்றிவிட்டு, வசனத்தை மட்டும் அப்படியே வைத்து, ஒரு கல்லூரியில் மாணவர்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னான். கம்பெனியில் படம் வரைகிற அபிநயா என் சினேகிதி. அங்கே எடுத்த வீடியோவை அவள் எனக்கு அனுப்பி வைத்தாள்.

ஒரு பெண் தன்னைப்போலவே இரட்டைச் சடை போட்ட நாயகியைச் செய்திருந்தாள். மருதாசலம் அவளைப் பார்த்து, "மாப்ள, மீசைய முறுக்கிக்க, பூதம் வருது," என்றார். இன்னொருவன் நரைத்த தாடிக் கிழவனைச் செய்திருந்தான். பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கும் அறிவுச்செல்வி அவனை அண்ணா அண்ணா என்று கொஞ்சினாள். நம் பக்கத்தில் ஒருவர் கூப்பிடுகிற விதத்திலேயே ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் வந்துவிடும். முகத்தை மட்டும் கழற்றி மாட்டினால் ஒட்டுமா? வாய் நிறைய மாமா, பெரீம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியவில்லை. படித்திருந்தால்தானே தெரியும்.

சிரிக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்து மருதாசலம் சாகும் இடம் வந்தது. நாயகனுக்கு 'சிக்கன் 65' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் மடியில் தலை வைத்துக்கொண்டு மருதாசலம், "மாப்ள, உங்கம்மா கேட்டா மாமன் வண்டியில தூங்கறான்னு சொல்லிப்போடு," என்றார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. என் மருதாசலம் சாகிறார், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இவனைச் சும்மா விடக் கூடாது.

எதிர்பார்த்த மாதிரியே ரமேஷ்குமார் போன் செய்தான். "ஜெயா, சின்ன வேலை ஒண்ணு இருக்குது. நீ வந்தீனா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்."

நான் கோபத்தைக் காட்டவில்லை. பொன்னனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றேன், சரி என்றான். கடைசி எதிரி சப்பென்று இருக்கிறது, மாற்றி எழுதுகிறேன் என்றேன், அதற்கும் சரி என்றான்.

"எழுதினத ஒருக்கா படிச்சுப் பாத்துருங்ண்ணா," என்றுகூடச் சொன்னேன்.

"எனக்கெங்க நேரம்? நீயே பாத்துக்க."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முன்பு கடைசி எதிரி ஒரு பெரிய பூதம். அதை எடுத்துவிட்டேன். எல்லாப் பூதங்களும் செத்துத் தண்ணீர் பீறிட்ட பிறகு, ரிக் வண்டியின் ஓனர் காரில் வந்து இறங்குகிறான். அவன்தான் கடைசி எதிரி. அபிநயா வரைந்து கொடுத்தாள். சட்டைப் பையில் இரண்டு போன், பேசும்போது மூக்கைத் தேய்க்கும் பழக்கம், யார் முகத்தையும் பார்க்காத பார்வை. வரையும்போதே அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனுக்கு உயிரை நீளமாக வைத்தேன், ரொம்ப நேரம் அடி வாங்கட்டும் என்று. அவன் பேசும் இடத்தில் பட்டனை அமுக்கித் தள்ள முடியாதபடியும் செய்து வைத்தோம். இந்த வகை விளையாட்டில் அது பழைய வழக்கம். முக்கியமான பேச்சு வந்தால் ஆடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டே ஆக வேண்டும்.

வெளியீட்டுக்கு முன்னால் சேலத்தில் ஒரு மண்டபத்தில் காலையில் விழா வைத்தான். விளையாட்டை வெளியிடப் போகிறவர்கள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். ராமாயி பட்டுச் சேலையில் முன் வரிசையில் இருந்தார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். கடைசிச் சண்டையைத் தானே ஆடிக் காட்டுவதாகச் சொல்லி ரமேஷ்குமார் மேடையில் உட்கார்ந்தான்.

திரையில் கார் வந்து நின்றது. ஓனர் இறங்கினான். மூக்கைத் தேய்த்தான்.

"தண்ணி வந்துருச்சில்ல. இனி உங்களுக்கு இங்க என்ன வேலை? கெளம்புங்க."

"தோண்டினது நாங்கங்க," என்றான் பொன்னன். "எங்க மாமன் இந்தக் குழியிலதான் செத்தாருங்க. அவரு பேரையாவது கல்லுல போடுங்க."

"பேரா? குழாயத் தொறந்து தண்ணி குடிக்கறவன் தோண்டினவன் பேரையா கேக்கறான்? உடு உடு, வேலையப் பாரு."

ரமேஷ்குமாரின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியது. நகரவில்லை. மறுபடி மறுபடி அமுக்கினான். ஓனர் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தான். கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கங்கே சிரிப்பு எழுந்தது.

அப்போது முன் வரிசையிலிருந்து ராமாயியின் குரல் கேட்டது. அவர் கேலிக்காகச் சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

"ஏஞ்சாமி, இவன் உன்னாட்டமே பேசறானே. என்ற சோத்த நிறுத்தறப்பவும் நீ இப்படித்தான சொன்ன."

ரமேஷ்குமாரின் காது சிவந்ததை நான் பின்சுவரோரம் நின்றே பார்த்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பண்டிகை மாதிரி இருந்தது. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. பிறகு அவன் வேறு வழியில்லாமல் அடித்தான். தன்னைத் தானே, எல்லார் முன்னாலும், வெகு நேரம்.

முடிந்ததும் சென்னைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த ஓனர்தான் விளையாட்டுக்கே உயிர், இவன் மேல் கை வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த வகை விளையாட்டில் கடைசி எதிரி ஒரு தடவை செத்தால் போதாது. செத்து விழுந்தவன் முன்னைவிடப் பெரிய உருவத்தோடு எழுந்து வருவான். ரமேஷ்குமாரும் மண்டபத்துப் பின்வாசலுக்கு வந்தான்.

"ஜெயா, நடந்தது நடந்துபோச்சு. அந்த ஓனர வேற ஆளா மாத்தி எழுதிக் குடு. அதே கெத்து இருக்கோணும், ஆனா நானா இருக்கக் கூடாது. உன்னால மட்டுந்தான் முடியும். முதல் திரையிலயே 'கதை ஜெயப்பிரியா'ன்னு பெருசாப் போடறேன்."

தடுமாறிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை நாள் நான் கேட்டது அதைத்தானே. திரை முழுக்க என் பெயர். எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். அம்மா பார்ப்பாள்.

"பேரையும் போடுங்ண்ணா. அவனும் இருக்கட்டும்."

"ரெண்டுல ஒண்ணு."

அவனைப் பார்த்தேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டு எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிச்சுக்க என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"முடியாது ரமேஷு. பேரு நீயே வெச்சுக்க. அவன் அடி வாங்கட்டும்."

அவனை அண்ணா போடாமல், ங்க போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிமிர்ந்து நடந்தேன்.

அவனும் என் சொல்லைத் தட்டவில்லை. பேரை அவனே வைத்துக்கொண்டான். பொங்கலுக்கு விளையாட்டு வெளியானது. முதல் திரையில் 'கதை, வசனம்: ரமேஷ்குமார்' என்று வந்தது. பேட்டிக்குப் பேட்டி, "அந்த ஓனர் நாந்தாங்க. என்னைய நானே பாத்து எழுதினது," என்று சொல்லி அடக்கமாகச் சிரித்தான். தன்னையே வில்லனாக்கிய துணிச்சல்காரன் என்று புகழ்ந்தார்கள். நான் போனைக் கட்டிலில் வீசினேன். எடுத்து மறுபடி அதே பேட்டியைப் பார்த்தேன். மறுபடி வீசினேன். பழிவாங்க எழுதியதையும் அவனுக்கே மாலையாகப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு ஆறவில்லை.

போன வாரம் பவானிக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்துத் தெரு சித்தார்த் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காலேஜ் முடிக்கப் போகிறவன். கையில் போன், அதில் பொன்னன். நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

"அக்கா, இந்த கேம் ஆடியிருக்கீங்களா? மருதாசலம்னு ஒரு மாமா வருவாருங்க. அவரு செத்த அன்னைக்கு நான் சோறே திங்கலீங்க்கா."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"எழுதினவரு திருச்செங்கோட்டுக்காரருங்க. ரமேஷ்குமாருன்னு. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க்கா அவருக்கு. அந்த மாமாவுக்காக அழுவாம எழுதியிருக்க முடியுங்களா?"

நாந்தான் எழுதினேன் என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் நம்புவானா? நம்பமாட்டான். பாவம் என்று பார்ப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

"கடைசி ஓனரு வந்துட்டானா?" என்று கேட்டேன்.

"இப்பத்தானுங்க்கா. அடிச்சுட்டே இருக்கறேன், சாவ மாட்டீங்கறான்."

"உடாத சாமி," என்றேன். "இன்னும் அடி."

அவன் அடித்தான். பவானி வரும்வரை நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.