நான்காவது பாஸ்

எனக்காக என் பிள்ளைகள் ஒருநாளும் இப்படி ஓடியதில்லை என்று நினைத்துக்கொண்டாள் அவள். நானும் தினம் ஐந்தரைக்கு இதே மணியைத்தான் அடிக்கிறேன். 'வரேன்ம்மா' என்று முதலில் குரல் வரும். குரலுக்குப் பின்னால் ஆள் வர இரண்டு நிமிஷம் ஆகும். இன்றைக்கு மணி அடித்து முடிக்கவில்லை, பெரியவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். சின்னவள் மேசைக்கு அடியில் புகுந்து குறுக்கு வழியில் போய்விட்டாள். மணிக்கு ஆள் தெரியுமா என்ன?

தெரியும் போலிருக்கிறது. வாசலில் நின்றது அவளுடைய தங்கைதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. எதிரே நான்கு தாள்களை ஒட்டிப் பெரிதாக்கிய அட்டவணை விரிந்திருந்தது. அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வருஷம் முழுக்கப் புகாரே வராத பத்து மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி பரிசு கொடுத்திருந்தது: நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு நாள் தீம் பார்க் பாஸ்கள், உள்ளேயே தங்க ஓர் அறை. குடும்பத்தில் யாரும் அப்படியோர் இடத்துக்குப் போனதில்லை. குடும்பமாக எங்குமே போனதில்லை என்றுகூடச் சொல்லலாம், கல்யாணங்களைக் கழித்துவிட்டால்.

"நாள் பூரா ஆளுங்கள ஏத்தி இறக்கறதுதான் என் வேலை. பரிசுன்னு சொல்லி அதையே குடுக்கறான் பாரு" என்றான் அவன், கடிதம் வந்த அன்று. ஆனால் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஒரு வாரம் வைத்துக்கொண்டு திரிந்தான்.

அவளுக்கோ ஆறு வாரமாக வேறு நினைப்பே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. அறுபத்திரண்டு பேர், மூன்று ஷிஃப்ட். யார் யாரோடு ஒத்துப்போவார்கள், யாருக்குக் குழந்தை இருக்கிறது, யார் லீவு கேட்டுவிட்டு அழுவார்கள் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். பார்க்கையும் அதே கண்ணோடு பார்த்தாள். எந்த ராட்டினத்தில் காலையில் கூட்டம் குறைவு, எதில் வெயில் அடிக்கும், சின்னவள் எத்தனை மணிக்குச் சிணுங்க ஆரம்பிப்பாள், எல்லாம் கட்டங்களுக்குள் வந்துவிட்டன. பெரியவளுக்குப் பச்சை, சின்னவளுக்கு ஆரஞ்சு, அவனுக்கு நீலம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, யாரோ தெரியாதவர்கள் அலறியபடி தலைகீழாகப் போகும் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். அந்த முகங்களில் தன் பிள்ளைகளின் முகத்தைப் பொருத்திப் பார்ப்பாள். முதல்முறை பயப்படும்போது அவர்கள் யார் கையைப் பிடிப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"என்னக்கா இது, படையெடுக்கப் போறியா?" தங்கை இரண்டு பக்கமும் பிள்ளைகளை ஒட்டவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உக்காரு. டீ போடறேன்."

"இரு இரு, படிக்கிறேன். எட்டு மணி, கேட். எட்டே கால், யானை ராட்டினம். பத்தே கால், பாத்ரூம்." தங்கை நிமிர்ந்தாள். "பத்தே காலுக்குத்தான் போகணுமா? ஒன்பதரைக்கு வந்துட்டா மனு குடுக்கணுமா?"

சின்னவள் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டாள். பெரியவள் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். வயிற்றெரிச்சல் என்று பேர் வைத்தவர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார் என்று தோன்றியது. சரியாக அங்கேதான், தொப்புளுக்கு ஒரு விரல் மேலே.

தங்கை இரண்டு தெரு தள்ளி ஒரு சலூனில் முடி திருத்துகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி வீட்டில் எல்லோரையும் அலுக்க வைத்து, இப்போது யாரும் கேட்பதில்லை. சம்பளத்தைச் செருப்பாகவும் பயணமாகவும் செலவழிப்பாள். இதே மாதிரிப் பார்க்குகளுக்குச் சலூன் பெண்களோடு இரண்டு முறை போய் வந்திருக்கிறாள். பெரியவளுக்கு வாரம் ஒரு புதுப் பின்னல் போட்டுவிடுவதும் அவள்தான். போன வருஷம்வரை அந்தத் தலை காலை ஏழு மணிக்குத் தாயின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. 'அம்மா இழுத்து இழுத்துக் கட்டுவா, வலிக்கும்' என்று ஒருநாள் சொன்னது. பிறகு வரவில்லை.

"இது என்னக்கா, பெரியவ பேருக்கு நேரா கேள்விக்குறி?"

"அதுவா. தலைகீழாப் போறதுல ஏற நூத்தி நாப்பது சென்டிமீட்டர் வேணும். இவ ஒண்ணு கம்மி. வாராவாரம் அளந்து பாக்கறேன், நகரவே மாட்டேங்குது."

"எங்க, வாடி." தங்கை பெரியவளைக் கதவு நிலையில் சாய்த்தாள். அங்கே ஆறு பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "கூன் போடாம நில்லுடி. ராணி மாதிரி. கழுத்த நீட்டு. ஆங்." புத்தகத்தைத் தலையில் வைத்து, டேப்பை இழுத்தாள். "நூத்தி நாப்பதரை."

பெரியவள் கத்தவில்லை. சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் டேப்பைப் பார்த்தாள். பொய் இல்லை. ஆறு வாரமும் தன் முன்னால் கூனி நின்ற பிள்ளை அது. தான் சொன்னால் கூனுகிறது, தங்கை சொன்னால் நிமிர்கிறது. அளந்தது தவறில்லை. அளந்த ஆள்தான் தவறு.

சின்னவள் ஆறு வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசை இப்போதுதான் பிடித்திருந்தது. அட்டவணையின் கடைசி வரிசையில் விரலை வைத்து, "அம்மா... ரி...லீ...வர்" என்றாள். அடுத்த கட்டம். "ரிலீவர்." அதற்கடுத்த கட்டம். "ரிலீவர். அம்மா, உனக்கு மட்டும் எல்லாத்துலயும் இதான் எழுதியிருக்கு."

உண்மைதான். ஆஸ்பத்திரி சார்ட்டில் கடைசி வரிசை எப்போதும் ரிலீவர். யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்குப் போகிறவர். முதலில் மற்ற எல்லோரையும் நிரப்பிவிட்டு, மிச்சமிருக்கும் பெயரை அங்கே எழுதுவது அவள் கைக்குப் பழகிய வேலை. பதினொரு வருஷப் பழக்கம். இரண்டு நாள், பதினெட்டுக் கட்டம், பதினெட்டிலும் தன்னை அங்கேயே போட்டிருக்கிறாள். போடும்போது அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

"ரிலீவர்னா?"

"யாராச்சும் வரலேன்னா அவங்களுக்குப் பதிலா போறவங்க" என்றாள்.

"எல்லாரும் வந்துட்டா?"

"சும்மா இருப்பாங்க."

பெரியவள் கண்ணைத் திறந்தாள். பதினொரு வயசு, ஒரு விஷயம் மனசில் ஓடினால் புருவத்தில் தெரியும். "அப்ப அம்மா எதுலயுமே ஏறல."

"அம்மாக்குத்தான் தலை சுத்துமே" என்றது சின்னது.

சின்னவள் வயிற்றில் இருந்தபோது ஒரு குடை ராட்டினத்தில் ஒருமுறை தலை சுற்றியது. அன்றிலிருந்து அது அவள் பெயரோடு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. பையை யாராவது பிடிக்க வேண்டியிருக்கும் இடங்களில் எல்லாம் அவளும் அதைச் சொல்லிக்கொள்வாள். சௌகரியமாக இருந்தது, எல்லோருக்கும்.

"அப்ப அம்மாவுக்குப் பதிலா சித்தி வரலாம்ல?" பெரியவள் கேட்டது குரூரமாக இல்லை. கணக்குக்கு விடை கண்டுபிடித்தவள் குரலில் இருந்தது. "சித்தி எல்லாத்துலயும் ஏறுவா. நானும் சித்தியும் ஒண்ணா, அப்பாவும் சின்னவளும் ஒண்ணா. ரெண்டு ரெண்டு சீட்டு. சரியா வரும்."

"தனியா டிக்கெட் எடுத்து அவளும் வரட்டுமே" என்றாள் அவள். குரல் சாதாரணமாகவே வந்தது.

"பாத்துட்டேன்மா. அந்த ரெண்டு நாளும் டிக்கெட் இல்ல. திங்கக்கிழமையே பாத்தேன்."

திங்கட்கிழமை. இன்று வியாழன். திங்கட்கிழமை சாயங்காலம் இதே மேசையில் அவள் மூன்று தொப்பிகளின் ஓரத்தில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் பெரியவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்னடி பாக்கற' என்று கேட்டதற்கு 'சும்மா' என்றாள்.

டீ போடும் சாக்கில் அவள் சமையலறைக்குப் போனாள். தங்கை பின்னாலேயே வந்து, பால் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

"அக்கா, நான் சொல்லிக்குடுக்கல. சத்தியமா."

"தெரியும்."

"நீ வேணாம்னா வேணாம். நான் போய்ப் பாத்த மாதிரி எடந்தான்."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தங்கை கொஞ்சம் மோசமானவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு தந்திரம், ஒரு பொய், போதும். அதைப் பிடித்துக்கொண்டு வெறுத்துவிடலாம். ஆனால் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வேலைக்குப் போகாமல் வந்து கிடந்தவள் இவள். அந்தப் பத்து நாளையும்கூடத் தான் மன்னித்திருக்கவில்லை என்பது இப்போது, பால் பொங்கி வரும்போது, தெரிந்தது. காய்ச்சலில் சின்னவள் 'சித்தி' என்று முனகியதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் போகணும்னு ஆசையா?" என்று கேட்டாள்.

"இவளுங்களோட போகணும்னு ஆசைதான்க்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்தாள்.

ஏழு மணிக்கு அவன் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லி முடித்துவிட்டார்கள். அவன் கைகளில் கிரீஸ் வாசனை. அட்டவணையைக் குனிந்து பார்த்தான். கடைசி வரிசையில் விரலை ஓட்டினான்.

"ஆமா, நீயே உன்ன எதுலயும் போடலியேம்மா."

"பழக்கத்துல போட்டுட்டேன்."

"அதில்ல. யோசிச்சுப் பாத்தா சரிதான். அங்க வந்து வெயில்ல பெஞ்சுல உக்காந்து பையக் காவல் காக்கறதுக்கா வர்ற? ரெண்டு நாள் வீட்ல காலை நீட்டிப் படு. நீ லீவு எடுத்து எத்தன நாளாச்சு?" அவன் மனதாரச் சொன்னான். அவள் ஓய்வெடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தான். "பேர் மாத்தறதுன்னா இன்னிக்கு எட்டு மணி வரைக்குந்தான் டைம் குடுத்திருக்கான்."

"மாமா, விடுங்க" என்றாள் தங்கை. "அக்காதான் ஆறு வாரமா எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சிருக்கா."

"அதான் சொல்றேன். சார்ட்ட எடுத்துட்டுப் போனா அவளே வந்த மாதிரி."

பெரியவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கெஞ்சலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பயமும் இருந்தது. தன்னிடம் எப்போதும் இந்தப் பயத்தோடுதான் பேசுகிறாளா? ஆமென்று சொன்னால் ஓடி வந்து கட்டிக்கொள்வாள். ஒரு நிமிஷம், நிச்சயமாக. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஆமென்று சொல்லிவிடலாமென்றுகூட இருந்தது. பெரிய மனசு என்பார்கள். வீட்டில் தனியாக, காலை நீட்டிக்கொண்டு, பெரிய மனசோடு இரண்டு நாள் படுத்திருக்கலாம். அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகளில் எல்லாம் சித்தி இருப்பாள். எந்த வளைவில் யார் அலறினார்கள், யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வருஷக்கணக்கில் சிரிப்பார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அவளும் சிரிக்க வேண்டும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்திருந்தான். "பிறந்த தேதி சொல்லும்மா" என்று மைத்துனியிடம் கேட்டான். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை தயங்கித் தயங்கித் தேதியைச் சொன்னாள். சின்னவள் கை தட்டினாள்.

மேசைமேல் அக்காவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. பாஸ்களைப் பதிவு செய்தது அவள் என்பதால் குறுஞ்செய்தி அவள் எண்ணுக்குத்தான் வந்தது.

"பேர் மாத்த ஒரு ஓடிபி நம்பர் வந்திருக்கும் பாரு. ஆறு இலக்கம். சொல்லு" என்றான் அவன், நிமிராமல், விரலைத் தயாராக வைத்துக்கொண்டு.

எடுத்துப் பார்த்தாள். எண் தெளிவாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன, வரலியா?"

"வந்துச்சு."

"சொல்லு. ரெண்டு நிமிஷந்தான் இருக்கும்."

"சொல்லல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். பெரியவளின் முகம் மெல்ல மாறியது. கதவு நிலையில் நிமிர்ந்து நின்ற கழுத்து மறுபடி தோளுக்குள் இறங்கியது. அது அவளுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தங்கை எழுந்து தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல், "நல்லதுக்கா" என்றாள்.

"எதுக்கும்மா இப்ப பிடிவாதம்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க வந்து என்ன பண்ணப் போற?"

என்ன பண்ணப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இருப்பாள். பெரியவள் இரண்டு நாளும் பேசாமல் இருந்தாலும் இருப்பாள்.

"அந்த நம்பர் டைம் முடிஞ்சிருச்சு" என்றான் அவன், போனைப் பார்த்து. "இன்னொருதரம் அனுப்பச் சொல்றேன். சொல்லிடு, என்ன?"

"அனுப்பச் சொல்லுங்க" என்றாள் அவள், அட்டவணையின் சுருண்ட மூலையை நீவிவிட்டுக்கொண்டே. "அதையும் சொல்ல மாட்டேன்."