கண்ணாடிக் கடை அக்காவின் மஞ்சள் கோடு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அக்காவின் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வீடியோ கேம் திரையில் வருகிற மாதிரி உயிர்க்கோடு ஒன்று முப்பது வருஷமாக மிதந்துகொண்டிருந்தது. முழு நீளமும் சிவப்பு. இடது ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு மஞ்சள். மிச்சமிருந்த உயிர் அவ்வளவுதான். பள்ளிக்கூட நாட்களில் தம்பியோடு வீடியோ கேம் கடையில் சண்டை ஆட்டம் ஆடப் போவாள். தம்பி எதிராளியைத் திரையின் மூலைக்குத் தள்ளி, எழவிடாமல் காலை வாரிக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்கு 'மூலை' என்றே பேர் நிலைத்துவிட்டது. ஒருநாள் அக்காவின் வீராங்கனையையும் அப்படித்தான் வாரிக்கொண்டிருந்தான். கடைசி அடிக்கு முன்னால் கரண்ட் போய்விட்டது. திரையிலிருந்த அந்த வீராங்கனையின் உயிர்க்கோடு அக்காவின் தலைக்கு மேலே வந்து நின்றுகொண்டது. தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. அந்த மெஷின் மறுபடி ஓடவேயில்லை, கடையும் செருப்புக் கடையாகிவிட்டது.

யாராவது அதட்டினால் அந்த மஞ்சள் துடிக்கும். ஒருமுறை கதவைப் படாரென்று சாத்தியதில் பாதியாகிவிட்டது. அதன்பிறகு அவளிடம் குரலை உயர்த்த யாருக்குத் தைரியம் வரும்? அம்மா திட்டுவதையே விட்டுவிட்டாள். லென்ஸ் உடைந்தாலும் முதலாளி "பரவாயில்லம்மா" என்றார். கல்யாணமும் ஆயிற்று. சண்டையே இல்லாத வீடு என்று கணவனைப் பார்த்துத் தெருவே வயிறெரிந்தது. அந்த மனுஷன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்: ஏதோ சொல்ல வாயெடுப்பான், கோட்டைப் பார்ப்பான், விழுங்கிவிடுவான். அக்காவுக்கோ அதைவிட எரிச்சல். அவள் கத்தினால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார்; எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் என்ன சண்டை?

அந்த ஆட்டத்துக்கு முப்பதாம் ஆண்டு நிறைவு என்று, அந்த வரிசையில் வந்த ஏழு ஆட்டங்களையும் ஒரே தொகுப்பாகக் கம்பெனிக்காரர்கள் போட்டார்கள். பழைய பிழை ஒன்றைக்கூடத் திருத்தவில்லை என்று அட்டையிலேயே பெருமையாக அச்சடித்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காகிவிட்ட மூலை அதை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். டிவியில் முதல் ஆட்டத்தைப் போட்டால் தலைப்புகூட வரவில்லை. நேராக அந்தப் பழைய சண்டை. அவளுடைய வீராங்கனை திரையின் மூலையில் விழுந்து கிடந்தாள். மூலை பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான். "நீயே அடிச்சு முடிச்சிடுக்கா, நான் சும்மா நிக்கிறேன்" என்றான்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "எல்லாரும் விட்டுக்குடுத்தே என்னை உயிரோட சாகடிச்சாங்க. நீயுமாடா? ஒழுங்கா ஆடு!"

பொத்தானைத் தொடவே கூடாது என்றுதான் அவன் நினைத்தான், சத்தியமாக. ஆனால் மூலையில் ஆள் எழுந்தால் அவன் கட்டைவிரல் யார் பேச்சையும் கேட்காது. வாரிவிட்டது.

மஞ்சள் அணைந்தது. அக்கா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். "ஐயோ, கொன்னுட்டேனே!" என்று மூலை தலையிலடித்துக்கொண்டான். கணவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த அழுகைக்கு நடுவே டிவி கணீரென்று இரண்டாவது ரவுண்டு என்று அறிவித்தது. மூன்று ரவுண்டு ஆட்டம் அது. அன்று கரண்ட் போனது முதல் ரவுண்டில். பயத்திலேயே காலம் தள்ளிய அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரவில்லை, பாருங்கள்! அக்காவின் தலைக்கு மேலே மஞ்சள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சரசரவென்று நிரம்பியது. அவள் கண்ணைத் திறந்தாள். "என்னடா ஒப்பாரி? எடு கன்ட்ரோலரை." கணவன் அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவனுக்கு விக்கல் எடுத்தது.

இரண்டாவது ரவுண்டில் அவள் தம்பியைத் துவைத்தெடுத்தாள். மூன்றாவதுதான் கடைசி என்பதால், அது தொடங்கியதும் நிறுத்திச் சேமித்துவிட்டாள். புதுத் தொகுப்பில் அந்த வசதி உண்டு. இப்போது அந்த வீட்டில் தினமும் சண்டை. நிறைந்த கோட்டில் துளி குறைகிறது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சினிமாவுக்குப் போனால் பின்வரிசைக்காரர்கள் 'கோடு மறைக்கிறது, குனியுங்கள்' என்கிறார்கள். அவள் திரும்பி உட்கார்ந்து, முடியாது என்று இடைவேளை வரைக்கும் சண்டை போடுகிறாள்.