விலாசம் சொல்லாமல் போன இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்

உலகத்தில் எதைக் கேட்டாலும் தேடித் தருகிற தேடுபொறி, தன் வீட்டு வாசலில் வழி தெரியாமல் திருதிருவென்று விழித்ததாகவும், தானே அதன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்ததாகவும் ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னபோது, முடிதிருத்துகிறவரின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"உங்க சைக்கிளுக்குக் காத்தே ஒதுங்கி வழி விட்டுச்சுன்னு சொன்னவர்தானே நீங்க?"

"விடலைன்னா நான் எப்படி அவ்வளவு வேகமாப் போயிருப்பேன்?"

"சரி, டீச்சர் இதை ஒத்துக்கிட்டாங்களா?"

அங்கேதான் தபால்காரருக்குச் சுருதி இறங்கியது. டீச்சர் அவர் மனைவி. தையல் சொல்லிக் கொடுத்தவள். அவர் பேச்சில் பத்துக்கு ஒன்பதைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்டுக்கொள்வாள். நேற்றுகூட, "அதெல்லாம் தற்செயல்ங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். 'சட்டைக் காலர் தைப்பது எப்படி' என்று யார் தேடினாலும் டீச்சரின் இணையதளம்தான் முதலில் வந்து நிற்கும். பதினான்கு வருஷமாக எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். படித்தவர்கள் சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். காலைக் காபியோடு அவற்றை உரக்க வாசிப்பது தபால்காரரின் வேலை. "டீச்சர், தபால்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஊரெல்லாம் பட்டுவாடா செய்த மனிதருக்கு, ஓய்வுக்குப் பிறகு மிச்சமிருந்தது அந்த ஒரே வீடு.

திடீரென்று மின்னஞ்சல்கள் நின்றன. தேடிப் பார்த்தால் தளம் ஆறாம் பக்கத்தில் கிடந்தது. அடுத்த வாரம் அங்கேயும் காணோம்.

வெளியூரில் கணினி வேலை பார்க்கும் மகன் போனில் சொன்னான்: "இப்ப எல்லாரும் வீடியோதான்மா பாக்குறாங்க."

டீச்சர் பட்டப்பகல் பதினொரு மணிக்குத் தையல் மெஷினுக்கு உறை போட்டாள். "போதும்ங்க. யாருக்கும் வேண்டாத பாடத்தை எதுக்குக் கட்டிக் காப்பாத்தணும்? மாசக் கடைசியோட மூடிடலாம்."

தபால்காரர் மகனை விடவில்லை.

"டேய், எந்தத் தேதியில நின்னுச்சு?"

"தேதி எதுக்குப்பா?"

"சொல்லுடா!"

மகன் ஒரு வரைபடம் அனுப்பினான். கோடு மூன்று வருஷம் மேசைபோல் தட்டையாக ஓடி, மார்ச் ஒன்பதாம் தேதி கிணற்றில் விழுந்த வாளியாகத் தொபுக்கென்று இறங்கியிருந்தது.

"ஜனங்க மறந்தா கொஞ்சங் கொஞ்சமா மறப்பாங்க. ஒரே நாள்ல ஒருத்தர்கிட்டயிருந்தும் தபால் வரலைன்னா அது மறதி இல்லடா. விலாசக் கோளாறு."

அப்பாவின் வாயை அடைக்க, தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பதிவேட்டை மகன் அனுப்பி வைத்தான். தபால்காரர் அதை அச்செடுத்தார். நானூறு பக்கம் என்பது அவர் கணக்கு, நாற்பது இருக்கலாம். கடிதம் பிரிக்கிற விரல்களால் புரட்டினார். பக்கங்களைப் பார்த்துவரத் தேடுபொறி அனுப்புகிற நிரல், தபால்காரர் பாஷையில் அதன் ஆள், தினமும் வந்திருந்தான். 'மழைநாளில்-தைத்த-சட்டை' என்ற பக்கத்தைக் கேட்டு ஒரு தட்டு. பதில், 'அப்படி எதுவும் இல்லை'. 'தம்பியின்-காலர்', இல்லை. 'பொத்தான்-தொலைந்த-கதை', இல்லை. ஒவ்வொரு வரியும் அவருக்கு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிய உறையாகவே தெரிந்தது.

"டீச்சர், மார்ச் மாசம் தளத்துல என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே. பேரெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு. பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னு எல்லா விலாசத்தையும் வரிசையா மாத்தினேன். எட்டு நாள் எழுதி வச்சு, ஒன்பதாம் தேதி ஒரேயடியா ஏத்தினேன்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"வீடு ஒழிச்சு வைக்கிறதைப் போய்த் தண்டோரா போடுவாங்களா?"

தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பும் இவள் இதையேதான் செய்தாள். மாடியறையில் இருந்த தையல் வகுப்பைச் சத்தமில்லாமல் வேறு தெருவுக்கு மாற்றிவிட்டாள். தபால் நிலையத்தில் புது விலாசம் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் பேருக்கு வந்த பதினேழு கடிதங்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், அந்த இளம் தபால்காரர் பதினொரு நாள், நானூறு கதவுகளைத் தட்டினார். கடைசிக் கதவைத் திறந்தவள், வாயில் குண்டூசிகளோடு நின்றாள். அந்தக் காட்சி இன்றும் அவருக்கு வெளுக்கவில்லை. "ரெண்டே நாள், அஞ்சாறு வீடு" என்பது டீச்சரின் பதிப்பு.

இந்த முறையும் அவர்தான் அலைந்தார். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் பழைய விலாசம், வலப்பக்கம் புதியது என்று இருநூற்றுப் பன்னிரண்டையும் எழுதினார். எது எங்கே போனது என்று டீச்சர் சொல்லச் சொல்ல, ஒன்றுவிடாமல் சரிபார்த்தார். பழைய கதவைத் தட்டுகிறவர்களைப் புதிய கதவுக்கு அனுப்பும்படி மகன் அதைத் தளத்தில் ஏற்றினான்.

மூன்று வாரம் கழித்து, நேற்றுச் சாயங்காலம், காலர் பாடம் முதல் பக்கத்தில் மூன்றாவதாக வந்து நின்றது.

"வந்து என்ன? ஒரு கடிதமும் வரலையே" என்றாள் டீச்சர். மெஷினுக்குப் போட்ட உறை போட்டபடியே இருந்தது.

முடிதிருத்துகிறவர் கத்தரியை ஆட்டினார். "சாட்சி இல்லாத கதை செல்லாதுங்க."

அப்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. டீச்சர். மூச்சு வாங்கியது. தோளில் அளவு நாடா தொங்கியது.

"இங்கதான் இருக்கீங்களா? பதினொரு கடிதம் வந்து கிடக்கு. வாசிக்கிற ஆளைக் காணோம்!"

"டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றார் முடிதிருத்துகிறவர். "தேடுபொறி உங்க வாசல்ல வழி தெரியாம நின்னுச்சாம். இவரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாராம். நம்புற மாதிரியா இருக்கு?"

டீச்சர் கணவரைப் பார்த்தாள். நாடாவை மெதுவாக விரலில் சுற்றினாள்.

"நடந்ததுதாங்க. நான்தான் சொல்லாம வீடு மாறிட்டேன். ரெண்டாவது தடவையா." வாசல்படி இறங்கியவள் திரும்பினாள். "அப்ப இவர் என்னைத் தேடி அலைஞ்சதும் பதினொரு நாள்தான். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."