ஊதா ஆம்புலன்ஸ்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. போன சனிக்கிழமை மதியம் என் தங்கை வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. என் மருமகளுக்கு அன்று நான்கு வயது முடிந்தது. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுகிறோம். ஏன் என்று கேட்பவர்கள் ஒரு மணி நேரம் அவளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி: 'வெண்ணெயின் மணம் அந்த மதியத்தை மெல்ல மெல்ல'

(அடித்துவிட்டேன். மணத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: 'ஓர் ஆம்புலன்ஸ் செய்ய எத்தனை முட்டை வேண்டும்?'

(இது மினுக்கு. ஏழு.)

மூன்றாவது: 'பிறந்த நாளுக்கு என்ன கேக் வேண்டும் என்று கேட்டதற்கு, ஆம்புலன்ஸ் என்றாள் வாலு.' சரி, இதுவே இருக்கட்டும்.

2

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பத்து மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தங்கையோடுதான் இருக்கிறார். தங்கையின் கணவர் வேலையாக வெளியூரில் இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வாலுவை யாரிடமும் விட்டுச்செல்ல வழியில்லாததால் அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்பா பின்னால் படுத்திருக்க, தங்கை அவர் கையைப் பிடித்திருக்க, வாலு முன்சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து ஊரையே ஒதுங்க வைத்துக்கொண்டு போனாள். இறங்கியதும் உதவியாளர் ஒரு கையுறையை ஊதிக் கட்டி அவளிடம் கொடுத்தார். ஐந்து விரல் பலூன்.

எட்டாம் நாள் அப்பா ஒரு மாத்திரை டப்பாவோடு வீடு திரும்பினார். தங்கைதான் முழுசாகத் திரும்பவில்லை. தெருவில் சைரன் கேட்டால் குழாயை மூடிவிட்டு அப்படியே நிற்கிறாள். வாலுவுக்கோ அது வாழ்க்கையிலேயே பெரிய சவாரி.

"சிவப்பு கார் செஞ்சு தரேன்டி," என்று தங்கை கெஞ்சியிருக்கிறாள்.

"ஆம்புலன்ஸ்."

"ரயில்? நாலு பெட்டி. ஒவ்வொண்ணுலயும் மிட்டாய்."

"நாலு பெட்டி ஆம்புலன்ஸ்."

எனக்கு போன் செய்தாள். "அண்ணா, நீ வந்து பேசு. கதை எழுதுறவன்தானே, அவ மனச மாத்திக் குடு."

போனேன். அரை மணி நேரத்தில் என் மனம் மாறியிருந்தது.

(அந்தக் காலையில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்பீர்கள். என் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். தங்கை மூன்று தடவை அழைத்திருக்கிறாள். போனில் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவு. மேலே போவோம்.)

3

தங்கை கணக்கு டீச்சர். கட்டம் போட்ட தாளில் ஆம்புலன்ஸின் பக்கவாட்டுப் படத்தை வரைந்து, அளவெல்லாம் குறித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். செவ்வகமாகச் சுட்ட இரண்டு கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலடுக்கின் முன்பக்கத்தில் கால்வாசியை வெட்டி எடுத்தால் ஓட்டுநரின் இடம் கிடைக்கும். வெட்டிய விளிம்பைச் சாய்வாகச் சீவினால் முன்கண்ணாடி. சீவியதை யார் தின்பது என்பதில் எனக்கும் வாலுவுக்கும் தகராறு வந்து, நான் தோற்றேன்.

முதலில் க்ரீமை மெல்லிசாகப் பூச வேண்டும். உதிர்கிற தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். குளிரில் அது இறுகிய பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு.

"நானும் இப்படித்தான் எழுதறேன்," என்றேன்.

"முதல்ல கைய கழுவிட்டு வா," என்றாள்.

வெண்ணெய் க்ரீம் எவ்வளவு அடித்தும் வெளுக்கவில்லை. மஞ்சள் ஓடியே இருந்தது. ஊசிமுனையளவு ஊதா நிறம் சேர்த்தால் மஞ்சள் அடங்கிவிடும் என்று தங்கை எங்கோ படித்திருந்தாள். சின்னப் புட்டியைத் திறந்து க்ரீமுக்கு மேலே பிடித்து, ஊசியை உள்ளே விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் சைரன் கேட்டது. அவள் நின்றுவிட்டாள். கையிலிருந்த புட்டி தானாகச் சாய்ந்தது.

சைரன் கடந்து போகும்வரை இருவரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் வெண்ணெய் இருக்கா?"

"இல்ல."

வாலு நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். "கத்திரிக்கா ஆம்புலன்ஸ்," என்றாள். அவளுக்குத் திருப்திதான்.

என் பங்குக்கும் ஒரு வேலை வந்தது. வண்டியின் நெற்றியில் எழுத்து திரும்பி இருக்க வேண்டும் என்று வாலு சொல்லிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். நான் பிழைப்புக்குப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். இருபது வருடமாக, கோணலாக வந்த எழுத்தை நேராக்கியே சம்பளம் வாங்குகிறேன். இப்போது நேரான எழுத்தைக் கோணலாக்க வேண்டும். எண்ணெய்த்தாளில் எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கோகோ கலந்த க்ரீமால் வரைந்தேன். கடைசி 'ஸ்'ஸின் புள்ளி ஒரு கண்ணீர்த்துளியைப் போல (இல்லை) க்ரீமைப் போலவே வழிந்தது.

(எழுத்து ஏன் திரும்பி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிடுவதற்காக. இந்த இடத்தில் ஒரு படிமம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நான் அதற்கு ஊட்டப்போவதில்லை.)

4

அப்பா ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். எந்த வண்டி ரோட்டில் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று முப்பத்தொரு வருடம் கையெழுத்துப் போட்டவர். கேக்கை மேசையில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவது என்று நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாலு போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

(முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: 'அந்த வண்டியைக் கண்டதும் அவர் கை தன்னையறியாமல் மார்பைத்' பொய். அவர் கை சட்டைப்பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக்குத்தான் போனது.)

குனிந்து ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"யார் செஞ்சது?"

"நாங்க ரெண்டு பேரும்."

"தெரியுது. பின்சக்கரம் தரையில படல."

"அப்பா, அது பிஸ்கட்."

"எதுவா இருந்தா என்ன, சக்கரம்னா தரையில படணும். இண்டிகேட்டர் எங்க? இந்தக் கலர்ல எந்த ஊர்லப்பா ஆம்புலன்ஸ் ஓடுது?" பின்பக்கம் போய் நின்றார். "கதவு?"

தங்கை உதட்டைக் கடித்தாள். "மறந்துட்டேன்ப்பா."

"கதவு இல்லாம என்னை எப்படி ஏத்தினீங்க?"

தங்கை சிரித்தாள். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. நிற்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, க்ரீம் அப்பிய முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, தான் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்பதுபோல என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

நல்ல எழுத்தாளன் கதையை இங்கேயே முடித்திருப்பான்.

5

கதவில்லாத குறையை வாலு தீர்த்துவைத்தாள். பின்பக்கத்தில் விரலை விட்டுத் தோண்டினாள். ஓர் ஓட்டை விழுந்தது. ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பச்சைக் கரடியை உள்ளே தள்ளினாள்.

"தாத்தா. படுத்திருக்காரு."

அடுத்து மஞ்சள். "அம்மா. தாத்தா கைய பிடிச்சிருக்கா."

சிவப்பை முன்னால் கொண்டுபோய் அழுத்தினாள். "இது நான்."

கையில் ஆரஞ்சு மிச்சம் இருந்தது. அப்பா கேட்டார்: "அது மாமாவா? மாமாவ எங்க வெக்கப் போற?"

வாலு கரடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா வரலயே," என்று சொல்லிவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"மாமாக்கு போன் சத்தம் கேக்கலம்மா," என்றாள் தங்கை, தரையிலிருந்து எழுந்துகொண்டே. "கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு."

அதற்கு நான் சொன்ன பதிலை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மண்டியிட்டு வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறேன். இன்னொன்றில் வார்த்தை தொண்டையில் நிற்க, ஜன்னல் பக்கம் திரும்பி

நான் சொன்னது: "மெழுகுவத்தி எங்க வெச்சிருக்கே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் கேக்கில் மறைத்து நான்கு பகுதிகள் தாண்டி வந்துவிட்டேன். இனி மறைக்க இடமில்லை.

அந்தக் காலை போன் மேசைமேல், என் கைக்கருகே இருந்தது. மணி பத்து ஏழு. தங்கையின் பெயர் தெரிந்தது. மணி அடித்தது. வாலுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அழைக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வாக்கியம் அப்போதுதான் படிந்து வந்துகொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது தடவை அடித்தபோதுதான் சத்தத்தை அணைத்தேன். மூன்றாவது அழைப்பு எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

அந்த வாக்கியம் எது என்று கேட்காதீர்கள். மறுநாளே அடித்துவிட்டேன்.

6

நான் எழுதுவதை முதலில் படிப்பது தங்கைதான். பள்ளிக்கூட நாளிலிருந்து வழக்கம். இன்று புதன்கிழமை. முன்னால் உள்ள ஐந்து பகுதிகளும், ஒரு தாளுக்கு ஒன்றாக, அவள் கையில் இருக்கின்றன. இதை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். வாலு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்; தங்கை இன்று விடுப்பு. உள்ளறையில் அப்பா செய்தி கேட்கிறார்.

மூன்றாம் தாளில் பென்சிலால் ஏதோ குறித்தாள். "கால்வாசி இல்ல, மூணுல ஒரு பங்கு," என்றாள். நான்காம் தாளைப் படிக்கும்போது தோள் குலுங்கியது.

இதற்கு மேல் என்ன நடக்கும் என்று என்னிடம் சில முடிவுகள் உண்டு. ஒன்று, படித்து முடித்து, "எனக்கு அப்பவே தெரியும் அண்ணா" என்கிறாள். வாசகர்களுக்கு இது பிடிக்கும், எனக்கும் பிடித்திருக்கிறது; அதனாலேயே நம்ப மாட்டேன். இன்னொன்று, தாளை மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறாள். மூன்றாவது, நான் கையை நீட்டி ஐந்தாம் தாளை மட்டும் உருவிக்கொள்வது. மேசை அகலமில்லை, எட்டும்.

எட்டியிருக்கும். ஐந்தாம் தாளை அவள் எடுத்துவிட்டாள்.

நீங்கள் அதை ஏற்கெனவே படித்தவர்கள். இந்த நிமிடம் என் தங்கையைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அவள் உதடு அசைகிறது; சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. இன்னும் பாதித் தாள் இருக்கிறது. அவள் நிமிரும்போது யார் முதலில் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே இருந்தால் நான் அவள் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுவேன். பேனாவை மூடுகிறேன்.